டிரைக்கோடெர்மாவும் சூடோமோனாஸும் ஒரே பாத்தியில் பிழைக்குமா?

கேள்வி: பட்டுக்கோட்டை பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. கஜா புயலில் பாதி மரங்கள் சாய்ந்துவிட்டன. மிச்சம் இருப்பதை வைத்துத்தான் குடும்பம் ஓடுகிறது. இப்போது நான்கைந்து மரங்களில் அடித்தண்டிலிருந்து செம்பழுப்பாகச் சாறு வடிகிறது. தஞ்சாவூர் வாடல் நோய் என்கிறார்கள். மரத்துக்கு 200 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி, 200 கிராம் சூடோமோனாஸ் இரண்டையும் 5 கிலோ வேப்பம் புண்ணாக்கோடு போடச் சொன்னார் வேளாண் அலுவலர். மருந்துக்கடைக்காரரோ, “ஒன்று பூஞ்சை, இன்னொன்று பாக்டீரியா. சேர்த்துப் போட்டால் ஒன்றையொன்று அழித்துவிடும், பதினைந்து நாள் இடைவெளி விடுங்கள்” என்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் பெனிசிலின் பாடத்தைக் காட்டி, “பூஞ்சைதானேப்பா பாக்டீரியாவைக் கொல்லும், சூடோமோனாஸ் வாங்குகிற காசு வீண்” என்கிறாள். யார் சொல்வது சரி? மண்ணுக்குள் உண்மையில் என்னதான் நடக்கிறது?

– தென்னை விவசாயி, பட்டுக்கோட்டை வட்டம்

பதில்: அலுவலர் சொன்னதையே செய்யுங்கள் ஐயா. இரண்டையும் ஒரே நாளில், ஒரே வட்டப்பாத்தியில் போடலாம். அதற்காகக் கடைக்காரரையும் உங்கள் மகளையும் நான் ஒதுக்கிவிட மாட்டேன். பூஞ்சையும் பாக்டீரியாவும் மோதிக்கொள்வது உண்மைதான். அந்த மோதல் எந்த இடத்தில் நடக்கிறது, எதற்காக நடக்கிறது, தீனி யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே யார் தாக்குப்பிடிப்பார்கள் என்பது இருக்கிறது. இது புரிந்துவிட்டால் பாக்கெட்டை எப்படிக் கையாள்வது என்பதும் உங்களுக்கே விளங்கிவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மகளின் பெனிசிலின். 1928 செப்டம்பரில் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் அலெக்சாண்டர் ஃபிளெமிங், பாக்டீரியா வளர்த்திருந்த தட்டு ஒன்றில் எங்கிருந்தோ வந்து விழுந்த பூஞ்சையைப் பார்த்தார். அதைச் சுற்றி இருந்த ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாக்கள் கரைந்துபோயிருந்தன. பூஞ்சை கசியவிட்ட பெனிசிலின், பாக்டீரியா தன் உடலைச் சுற்றிக் கட்டும் சுவரைக் கட்ட முடியாமல் செய்துவிடுகிறது. பூஞ்சைக்கும் சுவர் உண்டு. ஆனால் அது கைட்டின் முதலிய வேறு பொருட்களால் ஆனது. ஆகவே பெனிசிலின் அதைச் செய்த பூஞ்சையை ஒன்றும் செய்யாது.

மகள் அடுத்து கேட்டிருக்க வேண்டிய கேள்வி, பெனிசிலின் எல்லா பாக்டீரியாவையும் கொல்லுமா என்பது. கொல்லாது. சூடோமோனாஸ் வகைகளுக்குச் சுவருக்கு வெளியே இன்னொரு சவ்வு இருக்கிறது. பூஞ்சை செய்யும் இயற்கைப் பெனிசிலின் அதைத் தாண்டிப் போய் வேலை செய்வதில்லை. தவிர, பெனிசிலினை உடைத்துப் போடும் நொதியைச் சில பாக்டீரியாக்கள் செய்கின்றன என்பது 1940-லேயே, அதாவது அந்த மருந்து மக்கள் கைக்கு வருவதற்கு முன்பே, தெரிந்துவிட்டது. அந்த நொதி மருத்துவமனையில் பிறந்ததல்ல. மண்ணில் பூஞ்சையோடு நெடுங்காலம் வாழ்ந்த பாக்டீரியாக்களிடம் ஏற்கெனவே இருந்த தற்காப்பு அது. இன்னொன்றும் சொல்லவேண்டும். பெனிசிலினைச் செய்வது பெனிசிலியம் என்ற பூஞ்சை. நீங்கள் வாங்கும் டிரைக்கோடெர்மா வேறு இனம், வேறு சரக்கு.

அடி எதிர்ப்பக்கத்திலிருந்தும் விழுகிறது. மழை பெய்ததும் மண்வாசனை எழுகிறதே, அதற்குப் பெரிய காரணமான ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாக்கள் பூஞ்சைக்கு எதிரான நஞ்சுகளைச் செய்வதில் கெட்டிக்காரர்கள். எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரௌன் என்ற இரண்டு அமெரிக்கப் பெண் விஞ்ஞானிகள் வர்ஜீனியா மாநிலத்துப் பண்ணை ஒன்றின் மண்ணிலிருந்து இப்படிப்பட்ட பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, நிஸ்டாட்டின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தை 1950-ல் அறிவித்தார்கள். வாயில் வரும் ஈஸ்ட் வெண்படலத்துக்கும் பெண்களுக்கு வரும் ஈஸ்ட் தொற்றுக்கும் இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது. நம் நாட்டில் புனேவை அடுத்த பிம்ப்ரியில், இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்ற அரசு நிறுவனத்தில், திருமலாச்சாரும் அவர் குழுவினரும் 1960-களில் இதே குடும்பத்து பாக்டீரியாவிலிருந்து ஆரியோஃபங்கின் என்ற மருந்தைக் கண்டெடுத்தார்கள். உங்களுக்கு இந்தப் பெயர் பழக்கமாக இருக்கலாம். தஞ்சாவூர் வாடலுக்கு 2 கிராம் ஆரியோஃபங்கின் சால், 1 கிராம் மயில்துத்தம், 100 மில்லி தண்ணீர் கலந்து தென்னை வேரில் கட்டச் சொல்வார்களே, அந்த ஆரியோஃபங்கின்தான் இது. உங்கள் தோப்பில் பூஞ்சையைக் கொல்ல நீங்கள் வேரில் கட்டும் மருந்தே ஒரு பாக்டீரியா தயாரித்தது என்பதை மகளிடம் சொல்லுங்கள்.

இந்த மருந்துகள் பூஞ்சையின் சவ்வில் இருக்கும் எர்கோஸ்டீரால் என்ற கொழுப்பைப் பிடித்து ஓட்டை போடுகின்றன. பாக்டீரியாவின் சவ்வில் அந்தப் பொருளே இல்லை. பெனிசிலின் பாக்டீரியாவிடம் மட்டும் உள்ள சுவரைத் தாக்குகிறது, ஆரியோஃபங்கின் பூஞ்சையிடம் மட்டும் உள்ள கொழுப்பைத் தாக்குகிறது. தன்னிடம் இல்லாத உறுப்பைக் குறிவைத்தால் தனக்கு ஆபத்தில்லை. கோடிக்கணக்கான ஆண்டுப் போட்டியில் இரு தரப்பும் இந்த வழிக்கு வந்து சேர்ந்திருப்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

ஆனால் நஞ்சு மட்டும்தான் ஆயுதம் என்று எண்ணிவிடாதீர்கள். சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸைப் பொறுத்தவரை நான் மிகவும் மதிப்பது அது இரும்பைக் கையாளும் விதத்தைத்தான். மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் பெரும்பகுதி துரு வடிவில், நீரில் கரையாமல் கிடக்கிறது. ஏறத்தாழ எல்லா உயிர்களுக்கும் மூச்சு ஓட இரும்பு வேண்டும். சூடோமோனாஸ் என்ன செய்கிறதென்றால், பயோவெர்டின் என்ற மூலக்கூறைத் தன்னைச் சுற்றி மண்ணில் கசியவிடுகிறது. அது இரும்பை இறுகப் பற்றிக்கொள்ளும். பற்றிய இரும்போடு திரும்பி உள்ளே போவதற்கான வாசல் சூடோமோனாஸிடம் இருக்கிறது. நோய்ப் பூஞ்சைகளும் இரும்பைப் பிடிக்கும் மூலக்கூறுகளைச் செய்கின்றனதான். ஆனால் அவற்றின் பிடி பெரும்பாலும் பயோவெர்டின் அளவுக்கு வலுவானதல்ல. வேருக்கு அருகில் முளைக்கப் பார்க்கும் பூஞ்சை வித்து, இரும்பு கிடைக்காமல் அப்படியே நின்றுபோகிறது. போதாக்குறைக்கு, சில சூடோமோனாஸ் வகைகள் பூஞ்சை செய்து வெளியேவிட்ட இரும்புப் பிடியையும் களவாடிக்கொள்ளும். வாய்ப்புக் கிடைத்தால் ஏதாவதொரு வேளாண் கல்லூரி ஆய்வகத்தில் இந்த பாக்டீரியா வளர்ந்த தட்டைப் புற ஊதா விளக்கின் கீழ் காட்டச் சொல்லுங்கள். தட்டு முழுக்கப் பச்சை கலந்த மஞ்சளில் ஒளிரும். அந்த ஒளிதான் நான் சொல்லும் பயோவெர்டின்.

அத்தோடு சில சூடோமோனாஸ் இனங்கள் நேரடி நஞ்சும் செய்கின்றன. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக் கோதுமை வயல்களில் வேரைக் கருக்கும் ஒரு பூஞ்சை நோய் உண்டு. ஆண்டுக்கு ஆண்டு கோதுமையையே விதைத்தால் நோய் முதலில் ஏறிக்கொண்டே போகும். சில ஆண்டுகள் கழித்து, விவசாயி வேறு எதையும் செய்யாமலே, தானாகக் குறைய ஆரம்பிக்கும். காரணம் தேடியவர்கள் அந்த வேர்களில் டயசிட்டைல்ஃபுளோரோகுளூசினால் என்ற பூஞ்சை எதிர்ப்பு நஞ்சைச் செய்யும் சூடோமோனாஸ்கள் பெருகியிருப்பதைக் கண்டார்கள். ஒரு கிராம் வேருக்கு ஏறத்தாழ 1 லட்சம் பாக்டீரியா என்ற அளவு இருந்தால்தான் நோய் அடங்குகிறது, அதற்குக் கீழே போனால் அடங்குவதில்லை. இது நமக்கு முக்கியமான செய்தி. பாக்டீரியாவை மண்ணில் தூவினால் போதாது. அது அங்கே தங்கி, தின்று, பெருகி ஒரு எண்ணிக்கையைத் தொடவேண்டும்.

பூஞ்சையும் சும்மா அடி வாங்கிக்கொண்டு இருப்பதில்லை. வாழையில் வாடல் நோயைக் கொண்டுவரும் ஃபியூசேரியம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், ரஸ்தாலி போட்டவர்களை அழவைக்கும் பூஞ்சை. ஃபியூசேரிக் அமிலம் என்ற ஒன்றை ஃபியூசேரியம் இனங்கள் செய்கின்றன. சுவிட்சர்லாந்து மண்ணில் கிடைத்த சூடோமோனாஸ் இனம் ஒன்றை வைத்து ஆராய்ந்தபோது, இந்த அமிலம் அந்த பாக்டீரியாவைக் கொல்லவில்லை என்பது தெரிந்தது. நஞ்சு தயாரிக்கும் மரபணு வேலை செய்வதை மட்டும் அது அடக்கிவிடுகிறது. பாக்டீரியா உயிரோடு இருக்கிறது, வளர்கிறது, ஆனால் பூஞ்சைக்கு எதிரான நஞ்சு மட்டும் அதிலிருந்து வருவதில்லை. “சூடோமோனாஸ் போட்டும் கேட்கவில்லை” என்று விவசாயிகள் சொல்லும்போது நான் அதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி உங்கள் டிரைக்கோடெர்மா. இது பூஞ்சையை வேட்டையாடும் பூஞ்சை. 1932-ல் ரிச்சர்ட் வைண்ட்லிங் கலிஃபோர்னியாவில் எலுமிச்சை இனக் கன்றுகளின் அழுகலை ஆராய்ந்தபோது இதை எழுதிவைத்தார். நுண்ணோக்கியில் பார்த்தால், டிரைக்கோடெர்மா இழை தன் இரையின் இழை இருக்கும் திசையை நோக்கி வளர்ந்து வரும். பக்கத்தில் வந்ததும் அதன்மேல் கொடிபோலச் சுற்றிக்கொள்ளும். சுற்றிய இடத்தில் கைட்டினை அரிக்கும் நொதிகளை ஊற்றும். சிறு துளைகள் விழும். துளை வழியே உள்ளே போய் இரையின் உள்ளிருப்பைத் தின்னும். சற்று நேரம் கழித்துப் பார்த்தால் இரையின் இழை உள்ளீடற்ற வெறும் குழாயாகக் கிடக்கும். இந்த நொதிகள் எல்லாமே பூஞ்சைச் சுவரைக் கரைப்பவை. சூடோமோனாஸின் சுவரில் கைட்டின் இல்லாததால் அவற்றால் அதற்குத் தொல்லை இல்லை. டிரைக்கோடெர்மா பெப்டைபால் என்ற வகை நஞ்சுகளையும் செய்கிறது. அவை பாதிப்பதும் பெரும்பாலும் பூஞ்சைகளையும், வெளிச்சவ்வு இல்லாத பாக்டீரியாக்களையும்தான்.

பகை மட்டுமே இவர்களின் உறவு என்று முடிவுகட்டினாலும் தவறாகிவிடும். காய்ந்த மண்ணில் பாக்டீரியாவால் நகர முடியாது, அதற்கு நீர்ப்படலம் வேண்டும். பூஞ்சை இழையின் மேற்பரப்பில் எப்போதும் மெல்லிய ஈரம் இருக்கும். வயலில் இறங்காமல் வரப்பு மேலேயே நாம் நடந்துபோவதுபோல, பாக்டீரியாக்கள் அந்த இழை மேலேறி மண் துகளுக்கு மண் துகள் போகின்றன. இதைவிட நெருங்கிய உறவும் உண்டு. நெல் நாற்றைக் கருக்கும் ரைசோபஸ் என்ற பூஞ்சையின் நஞ்சை வெகுகாலம் பூஞ்சையே செய்வதாகத்தான் எல்லோரும் நம்பினோம். ஜெர்மனியின் யேனா நகரத்து ஆய்வாளர்கள் 2005-ல் அந்த நஞ்சைச் செய்வது பூஞ்சையின் உடலுக்குள் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா என்று காட்டினார்கள். ஆன்டிபயாடிக் கொடுத்து அந்தக் குடியிருப்பைக் காலி செய்தால் பூஞ்சை வித்துகளை உண்டாக்கவே மறந்துவிடுகிறது. நாற்றைக் கொன்றது யார், பூஞ்சையா பாக்டீரியாவா என்று கேட்டால் தனித்தனியாகப் பதில் சொல்ல முடியாது.

இப்போது கடைக்காரரின் வாதத்துக்கு வருகிறேன். ஆய்வகத் தட்டில் ஒரு ஓரம் சூடோமோனாஸும் மறு ஓரம் டிரைக்கோடெர்மாவும் வைத்தால், சில இனங்கள் ஒன்றையொன்று தடுப்பதைப் பார்க்கலாம். வேறு சில இனங்கள் முட்டிக்கொள்ளாமல் பக்கத்தில் பக்கத்தில் வளரும். எந்த இனம் என்பதைப் பொறுத்தது. அதனால் இரண்டையும் தண்ணீரில் கரைத்து டிரம்மில் ஒரு வாரம் ஊறவைப்பதையோ, ஒரே சாக்கில் கொட்டி மாதக்கணக்கில் வைத்திருப்பதையோ கடைக்காரர் எச்சரித்தால் அது சரி. நெருக்கடியான இடத்தில் வேகமாகப் பெருகும் பாக்டீரியா முந்திவிடும், பூஞ்சை வித்து பின்தங்கிவிடும். ஆனால் உங்கள் வட்டப்பாத்தி டிரம் இல்லை. ஒரு பிடி மண்ணில் எண்ணற்ற துளைகள், ஈரமானதும் காய்ந்ததுமாக இடங்கள், மக்கிய துணுக்குகள், சல்லி வேர்கள். சூடோமோனாஸ் பெரும்பாலும் வேரின் மேல்தோலை ஒட்டி, வேர் கசியவிடும் சர்க்கரையிலும் அமினோ அமிலத்திலும் வாழும். டிரைக்கோடெர்மா மக்கும் பொருட்களின் மேல் படரும். ஒரே பாத்தியில் இருந்தாலும் பெரும்பாலான நேரம் இருவரின் சாப்பாடும் வேறு, இடமும் வேறு. வேளாண் பல்கலைக்கழகம் தென்னைக்கு இரண்டையும் சேர்த்தே பரிந்துரைப்பதும் இதனால் சாத்தியமாகிறது.

எனக்கு இதில் உண்மையான கவலை வேறு. எங்கள் ஊர்ப்பக்கம் பலர் பாக்கெட்டை வெட்டி, காய்ந்த பாத்தியில் வெறுமனே தூவிவிட்டுப் போய்விடுகிறார்கள். 1953-ல் டாப்ஸ், ஹின்சன் என்ற இருவர் எழுதிய ஒரு சிறு கட்டுரை எனக்கு எப்போதும் நினைவில் இருக்கும். சாதாரண மண்ணில் பூஞ்சை வித்துகளைப் போட்டால் பெரும்பாலானவை முளைப்பதே இல்லை, உயிரோடு உறங்கிக் கிடக்கின்றன என்று அவர்கள் காட்டினார்கள். மண்ணைச் சூடேற்றி மற்ற நுண்ணுயிர்களைக் கொன்றாலோ, கொஞ்சம் சர்க்கரை சேர்த்தாலோ அதே வித்துகள் முளைத்துவிடுகின்றன. காரணம், மண்ணில் ஏற்கெனவே இருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் கிடைக்கிற சத்தையெல்லாம் வழித்துத் தின்றுவிடுகின்றன. புதிதாக வந்த வித்துக்கு ஒரு கவளம் மிஞ்சுவதில்லை. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டிரைக்கோடெர்மாவுக்கும் இதுதான் கதி. ஆகவே அதை வெறும் கையோடு மண்ணுக்கு அனுப்பக் கூடாது. அலுவலர் வேப்பம் புண்ணாக்கைச் சேர்க்கச் சொன்னாரே, அதை விட்டுவிட்டு இரண்டு பாக்கெட்டை மட்டும் வாங்கினால் பாதிக் காசு மண்ணோடு போகும்.

செய்யவேண்டியதைச் சொல்கிறேன். நன்றாக மக்கிய தொழு உரத்தை நிழலில் கொட்டி, அதில் டிரைக்கோடெர்மாவைக் கலந்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும், ஆனால் தண்ணீர் சொட்டாது என்ற பதத்தில் ஈரம் தெளித்து, ஈரச்சாக்கால் மூடி பத்துப் பதினைந்து நாள் வையுங்கள். இடையில் ஒருமுறை புரட்டிவிடுங்கள். வெண்ணிழை படர்ந்து பச்சை ஏறியிருந்தால் அது வேரூன்றிவிட்டது. பாத்தியில் போடுகிற அன்று சூடோமோனாஸையும் வேப்பம் புண்ணாக்கையும் அதோடு சேர்த்து, வட்டப்பாத்தியில் பரப்பி, லேசாகக் கொத்தி மண்ணால் மூடி உடனே தண்ணீர் கட்டுங்கள். வெயில் நேரம் வேண்டாம், மாலை நல்லது. இரண்டு பாக்கெட்டிலும் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். டால்க் பவுடரில் வரும் இந்த உயிர்களுக்கு ஆயுள் சில மாதங்கள்தான். பூச்சிமருந்து அடுக்கில் வெயில் பட வைத்திருந்த பாக்கெட்டை எந்தக் கடையிலும் வாங்காதீர்கள்.

மண்ணில் 1 சத போர்டோ கலவை மரத்துக்கு 40 லிட்டர் ஊற்றும் பரிந்துரையும் இந்த நோய்க்கு உண்டு. அதைச் செய்திருந்தால் ஒரு மாதமாவது கழித்துத்தான் உயிர்க்கலவையைப் போடவேண்டும். அதிலுள்ள தாமிரம் நோய்ப் பூஞ்சை, நல்ல பூஞ்சை என்று பார்க்காது. பூஞ்சைக்கொல்லியான கார்பென்டசிம் டிரைக்கோடெர்மாவைக் கொல்லும், சூடோமோனாஸை அவ்வளவாகத் தொடாது. பாக்டீரியா நோய்க்கு அடித்துவந்த ஸ்ட்ரெப்டோசைக்ளின் நேர்மாறு. கடைக்காரர் சொன்ன இடைவெளி தேவைப்படுவது இங்கேதான், ரசாயனத்துக்கும் உயிருக்கும் நடுவில்.

சாறு வடியும் அந்த நான்கைந்து மரங்களைப் பற்றிச் சொல்லித்தான் ஆகவேண்டும். இந்த நோயைக் கொண்டுவரும் கானோடெர்மா மரத்தையே செரிக்கும் பூஞ்சை, தண்டுக்கு உறுதி தரும் லிக்னினைக்கூடக் கரைத்துத் தின்னும். அந்த வேலையில் பாக்டீரியாக்கள் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. அது தண்டுக்குள் ஏறிவிட்டால், பாத்தியில் போட்ட டிரைக்கோடெர்மாவும் சூடோமோனாஸும் அங்கே போய்ச் சண்டை போடப்போவதில்லை. அவை காவல் காப்பது வேர்ப்பகுதியை மட்டும். ஆகவே சாறு இப்போதுதான் அடியில் எட்டிப்பார்க்கிறது என்றால் வேரில் மருந்து கட்டுவதோடு உயிர்க்கலவையும் பலன் தரும். ஓலைகள் தொங்கி, அடியில் விசிறிபோல் காளான் வந்துவிட்ட மரத்துக்குச் செலவு செய்யாதீர்கள். அதை வேரோடு அகற்றி எரிப்பது பக்கத்து மரங்களைக் காப்பாற்றும். முழுக் கவனமும் இன்னும் சாறு வடியாத அண்டை மரங்கள் மேல் இருக்கட்டும். அவற்றுக்கு ஆண்டுதோறும் போடுங்கள்.

அதோடு கஜாவில் சாய்ந்த மரங்களின் அடிக்கட்டைகள் தோப்பில் இன்னும் இருக்கின்றனவா பாருங்கள். அவை கானோடெர்மாவுக்கு ஆண்டுக்கணக்கில் தீனி. ஜே.சி.பி. வாடகை வலிக்கத்தான் செய்யும், ஆனாலும் தோண்டி எடுத்துவிடுங்கள். தண்ணீர் வசதி இருந்தால் இடையில் வாழை போடலாம், அதுவும் இந்த நோய்க்கான பரிந்துரையில் இருக்கிறது. ரஸ்தாலி மட்டும் வேண்டாம். நோயை உறுதிசெய்ய வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கம்தான். அழுகிய வேரும் அடிமண்ணும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

தோப்பிலோ பக்கத்து வீட்டிலோ பால் காளான், சிப்பிக் காளான் குடில் இருந்தால் தொழு உரத்தில் டிரைக்கோடெர்மா வளர்க்கும் வேலையை அதன் அருகில் செய்யாதீர்கள். பூஞ்சையை வேட்டையாடுவது அதன் குணம் என்றேன். காளானும் பூஞ்சைதான். காளான் படுக்கையில் பச்சைப் பூசணம் விழுந்தால் அந்தப் பையைத் தூக்கி வெளியே போடுவதைத் தவிர வழியில்லை. கலவையைத் தொட்ட கையோடும் துணியோடும் குடிலுக்குள் போவதையும் தவிருங்கள்.